மீன் எண்ணெய் குடித்த எஞ்சின்

தொழிற்சாலை முற்றத்தின் நடுவே ஒரு தகர டிரம். அதில் விளிம்புவரை தண்ணீர். விளிம்பில் கட்டிய பலகையில் ஒரு படகு எஞ்சினை மாட்டியிருக்கிறார்கள். அது இடுப்புக்குக் கீழே தண்ணீரில் நின்றபடி ராணிப்பேட்டைக்கே கேட்கும்படி கத்துகிறது. பெட்ரோல் புகை, சுண்ணாம்பு, ஊறும் தோல் என்று மூன்று வாசனைகளும் சேர்ந்து மூக்கில் ஏறுகின்றன.

சுற்றிலும் வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்கும் முப்பது பேர். கடல் எந்தத் திசையில் என்று கேட்டால் அவர்களில் பாதிப் பேருக்குக் கை காட்டத் தெரியாது.

எஞ்சினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்த, மெஷின் பழுது பார்க்கும் பிட்டர் காதர் பாய், பெட்ரோல் வரும் ரப்பர் குழாயைப் பிடுங்கிக் கீழே போட்டார். எஞ்சின் அதைச் சட்டை செய்யாமல் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஸ்விட்ச் இருக்கே பாய், நிறுத்திடலாமே?" என்றேன்.

"வேணாம் சார். உள்ள இருக்கிற பெட்ரோலைக் குடிச்சிட்டு அதுவா நிக்கணும். ஒரு சொட்டு மிச்சம் வெச்சாலும் அப்பால பேஜார்."

சொன்னபடியே கொஞ்ச நேரத்தில் எஞ்சின் இருமியது, தும்மியது, நின்றது. கையில் ஆங்கிலப் புத்தகத்தோடு நின்ற நான் எல்லாம் எனக்கு முன்பே தெரியும் என்பதுபோலத் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலைத்தான் இந்த வாரம் எழுத வேண்டியிருக்கிறது.

பாலாற்றில் படகா?

சென்ற வாரம் முதலாளியின் படகைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். திருப்பத்தூர் வாசகர் ஒருவர் உடனே கார்டு போட்டுவிட்டார். எனக்கு வயதாகிவிட்டதாம். ராணிப்பேட்டையில் படகு எங்கே ஓடியது என்று கேட்கிறார்.

நியாயமான சந்தேகம். எங்கள் பாலாற்றில் லாரி ஓடும், மாட்டுவண்டி ஓடும், தேர்தல் சமயத்தில் ஜீப்புகூட ஓடும். தண்ணீர் ஓடுவதுதான் அபூர்வம்.

ஆனால் காவேரிப்பாக்கம் ஏரி இருக்கிறதே. ஐப்பசி மழை ஒழுங்காகப் பெய்த வருஷத்தில் அந்தக் கரையில் நின்றால் எதிர்க்கரை தெரியாது. எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம் எங்கள் முதலாளி போய் நின்றார். கூடவே ஜெர்மனியிலிருந்து வந்த பையரும் நின்றார். பையர் என்றால் தோல் வாங்க வரும் வெளிநாட்டுக்காரர். எங்கள் ஊரில் அவருக்குக் கிட்டத்தட்ட தெய்வத்தின் அந்தஸ்து. அந்தத் தெய்வம் ஏரியைப் பார்த்து, ஒரு படகு இருந்தால் பறவைகளைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாமே என்று பெருமூச்சு விட்டது. அடுத்த மாதமே மெட்ராஸில் ஏலம் எடுத்த படகும் எஞ்சினும் லாரியில் வந்து இறங்கின.

வருஷத்தில் மூன்று மாதம் படகு ஓடும். மிச்சம் ஒன்பது மாதமும் எஞ்சினைக் கெடாமல் கிடங்கில் வைத்திருக்க வேண்டும். ஒரு பையரின் பெருமூச்சுக்கு அத்தனை சக்தி இருந்த காலம் அது.

அதிகாரி ஆனேன்

நான் அங்கே கடிதம் எழுதும் கிளார்க். சத்துவாச்சாரியிலிருந்து தினமும் பஸ். அப்பா மிஷன் பள்ளி வாத்தியார். பிழையில்லாமல் இங்கிலீஷ் எழுதக் கற்றுக்கொடுத்தார், அதைத் தவிர வேறெதையும் கற்றுக்கொடுக்கவில்லை.

தொழிற்சாலைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கர்த்தருக்கோ ஞாயிற்றுக்கிழமை. ஆகவே வெள்ளிக்கிழமைகளில் சும்மா படுத்துக் கிடப்பேன், ஞாயிற்றுக்கிழமைகளில் பரலோகத்தில் எனக்கு ஆப்சென்ட் விழும். அம்மா இதைப் பாஸ்டரிடம் சொல்லி அழுதாள். வேலை பெர்மனென்டா என்று பாஸ்டர் கேட்டார். ஆமாம் என்றதும், கர்த்தர் புரிந்துகொள்வார் என்று சொல்லிவிட்டார்.

படகு வந்த மறுவருஷம் எஞ்சின் கம்பெனிக்கு நான் ஒரு கடிதம் போட்டேன். அவ்வளவு பணிவான கடிதத்துக்குப் பதில் போடாமல் யாராலும் இருக்க முடியாது. வழவழ காகிதத்தில், படங்களோடு, எஞ்சினைப் பராமரிக்கும் விளக்கப் புத்தகம் ஒன்று வந்து சேர்ந்தது. முதலாளி உருதுவில் பக்கம் பக்கமாகப் படிப்பார், இங்கிலீஷில் கையெழுத்து மட்டும்தான். புத்தகத்தைப் புரட்டிவிட்டு என்னிடம் நீட்டினார்.

"இங்கிலீஷ் தெரிஞ்சவன் நீதாம்பா சாமுவேலு. இனிமே ஏரியில ஓடற போட்டு உன் பொறுப்பு. காதர் நீ சொல்றபடி செய்வான்."

வீட்டில் பல்பு மாற்றவே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறவன் நான். என்னைப் படகுக்கு அதிகாரி ஆக்கினார்கள். நாட்டில் பல இலாகாக்கள் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தன என்பதால் நானும் மறுக்கவில்லை.

காதர் பாய் ஏழு வருஷமாக டெம்பரரி. தோல் சுற்றும் டிரம்களின் மோட்டாரும் தண்ணீர் இறைக்கும் டீசல் எஞ்சினும் அவர் கை பட்டால்தான் நகரும். தமிழ் பேசுவார், உருது எழுதுவார், இங்கிலீஷ் கிடையாது. புத்தகம் வருவதற்கு முந்திய வருஷம், தன் போக்கில் படகு எஞ்சினைக் காலி செய்து, உலர்த்தி, சாக்கு சுற்றி வைத்தவர் அவர்தான். ஒன்பது மாதம் கழித்து இரண்டாவது இழுப்பில் அது கிளம்பியது.

பெர்மனென்ட் ஆனால் தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கும் லைன் வீடுகளில் ஒன்று கிடைக்கும். பாய் அப்போது வாலாஜாவில் மாமனார் வீட்டில் குடியிருந்தார். அது எப்படிப்பட்ட குடித்தனம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பங்குனியில் முதலாளி எல்லார் முன்னாலும் சொன்னார்:

"அடுத்த தபா பையர் வரும்போது போட்டு ஜோரா ஓடட்டும் காதர், உன்னைப் பெர்மனென்ட் பண்ணிடறேன். ஓடலைன்னா மூட்டையைக் கட்டிக்கோ."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். காதர் பாய் சிரிக்கவில்லை.

ஒரு வாஷருக்காக

முற்றத்துக்குத் திரும்புவோம். எஞ்சின் தானாக நின்றதும் காதர் பாய் கார்புரேட்டரின் அடியில் இருந்த திருகைக் கழற்றினார். இரண்டு சொட்டு விழுந்தது. டேங்கைக் கவிழ்த்துத் துடைத்தார். பெட்ரோலை எஞ்சினுக்கு ஏற்றும் கைப்பம்பைப் பிரித்தார். ஸ்டவ் பம்பில் இருப்பதுபோல அதற்குள்ளும் ஒரு வட்டத் தோல் வாஷர் இருந்தது. அதை எடுத்துச் செய்தித்தாள் மேல் வைத்தார்.

அவ்வளவுதான், முப்பது பேரும் எஞ்சினை மறந்துவிட்டார்கள்.

ஒருவர் வாஷரை எடுத்து வளைத்துப் பார்த்தார். ஒருவர் முகர்ந்து பார்த்து, கன்றுத்தோல் என்றார். ஆட்டுத்தோல் என்று இன்னொருவர் சண்டைக்கு வந்தார். காய்ந்துபோய்விட்டதே என்று மூன்றாமவர் சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல வருந்தினார். ஆம்பூர் முதல் ராணிப்பேட்டை வரை எங்கள் ஆட்களிடம் ராக்கெட்டையே கொண்டுவந்து காட்டினாலும், சீட்டுக்கு என்ன தோல் போட்டிருக்கிறான் என்றுதான் கேட்பார்கள்.

தோலைக் காயவிடுவது எங்கள் பக்கத்தில் மகா பாவம். தோல் பதனிடுவதைக் கவனிக்கும் டானிங் மாஸ்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தன் அறையில் பூட்டி வைத்திருக்கும் மீன் எண்ணெயில் கொஞ்சம் தருவதாகச் சொன்னார். பதனிட்ட தோலை மிருதுவாக்க டிரம்மில் விடும் எண்ணெய் அது. உசத்தியான சரக்கு. அவர் யாருக்கும் எளிதில் தரமாட்டார்.

எனக்குள் இருந்த அதிகாரி விழித்துக்கொண்டார். வாஷருக்கு மட்டும் ஏன்? ரப்பர் குழாயும் காய்ந்தால் வெடிக்குமே. கார்புரேட்டர் சும்மா கிடந்தால் துருப்பிடிக்குமே. எல்லாவற்றிலும் மீன் எண்ணெயை நிரப்பி வைத்துவிட்டால் என்ன என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். இவ்வளவு சுலபமான யோசனை எஞ்சின் கம்பெனிக்காரனுக்குத் தோன்றவில்லையே என்று அவனுக்காகப் பரிதாபப்பட்டேன்.

காதர் பாய் எழுந்து என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்: "வாஷருக்கு எஞ்சின் ஆயில் ரெண்டு சொட்டு போதும் சார். மத்தது எல்லாம் காலியா, காஞ்சி கிடக்கட்டும். மீன் எண்ணெயைத் தோலு உறிஞ்சிக்கும். இரும்பு எங்க உறிஞ்சும்? அப்படியே நின்னு கோந்தா பூடும்."

அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் மாஸ்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"புக்குல போட்டிருக்கு பாய்," என்றேன்.

"மீன் எண்ணெய்னா போட்டிருக்கு?"

"உசத்தியான எண்ணெய் எதுவா இருந்தாலும் நிரப்பி வைக்கச் சொல்லிப் போட்டிருக்கு."

போடவில்லை. அந்தப் பக்கம் என் கட்டைவிரலுக்குக் கீழேதான் இருந்தது. குழாயைக் கழற்று, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடு, கார்புரேட்டரையும் டேங்கையும் வடித்து உலரவிடு, எஞ்சின் எண்ணெயைத் தவிர வேறெதையும் விடாதே. இப்படி நம்பர் போட்டு, படம் போட்டு, முட்டாளுக்கும் விளங்கும்படி அச்சடித்திருந்தான். அதாவது, காதர் பாய் செய்வதைத்தான் புத்தகமும் சொன்னது. அதை அத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொண்டால் புத்தகம் படிக்கிறவன் எதற்கு என்று கேள்வி வருமே. அதனால் பொய் சொன்னேன்.

அவர் புத்தகத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"புக்குல இருந்தா சரி சார்," என்று சொல்லிவிட்டு எண்ணெய் வாங்கப் போனார்.

பூனைகளின் அபிப்பிராயம்

கிடங்கில் எஞ்சினைச் சுற்றி முதல் வாரமே மூன்று பூனைகள் குடியேறின. சாக்கை விலக்கி நக்கிப் பார்த்தன. என் யோசனையை மனமாரப் பாராட்டிய ஜீவன்கள் அவை மட்டும்தான்.

சித்திரை வந்தது. கத்திரி வெயில் வந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே எஞ்சின் வெந்தது. ஆடியில் பூனைகளும் போய்விட்டன. அதற்கு மேல் ஓர் எச்சரிக்கையை எனக்கு யார் தர முடியும்?

காதர் பாய் இரண்டு தடவை கேட்டார், ஒரு தபா பிரிச்சுப் பார்த்துடட்டுமா சார் என்று. நன்றாக வைத்திருப்பதை எதற்குக் கலைக்க வேண்டும் என்று இரண்டு தடவையும் அனுப்பிவிட்டேன். உள்ளுக்குள் எனக்குப் பயம். பிரித்தால் என்ன இருக்குமோ என்ற பயம். இதை இப்போதுதான் எழுதுகிறேன், அப்போது அதற்கு நிர்வாகம் என்று பெயர் வைத்திருந்தேன்.

ஏரியில் நாங்கள்

அந்த வருஷம் மழை கொட்டியது. பையர் வருவதாகத் தந்தி வந்தது. தந்தியில் சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்பே பையர் வந்து நின்றார். மறுநாள் காலையே ஏரிக்குப் போக வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். பிரித்துப் பார்க்க ஒரு நாள் கேட்டார் காதர் பாய், கிடைக்கவில்லை. டேங்கிலும் குழாயிலும் இருந்த எண்ணெயை வழித்துக் கொட்டி, கழுவி, புதுப் பெட்ரோல் ஊற்றத்தான் அவருக்கு நேரம் இருந்தது.

ஏரிக்கரையில் நல்ல காற்று. முதலாளி சபாரி சூட். பையர் கழுத்தில் கேமரா. நான் கையில் புத்தகத்தோடு ஏறிக்கொண்டேன். காதர் பாய் படகைத் தள்ளிவிட்டு ஏறி, கயிற்றை இழுத்தார்.

இழுத்தார். மறுபடி இழுத்தார். எஞ்சின் இருமக்கூட இல்லை.

நாற்பது தடவைக்கு மேல் எண்ணுவதை நான் நிறுத்திவிட்டேன். காற்று எங்களை மெதுவாகக் கோரைப் புல்லுக்குள் கொண்டுபோய்ச் செருகியது. பறவைகள் பறந்துபோய்விட்டன. படம் எடுக்க வேறெதுவும் இல்லாததால் பையர் எங்களைப் படம் எடுத்தார். கடைசியில் தெப்பத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் கயிறு கட்டி எங்களைக் கரைக்கு இழுத்துவந்தார். வரும் வழியெல்லாம், இதென்னங்க, படகுல இருந்து கருவாட்டு நாத்தம் அடிக்குது என்று விசாரித்துக்கொண்டே வந்தார்.

கரையில் காதர் பாய் கார்புரேட்டரைக் கழற்றினார். உள்ளே மஞ்சளும் பழுப்புமாக ஒரு பிசின். பெட்ரோல் வரும் ஊசித்துளைகள் எல்லாம் அடைத்துக்கொண்டிருந்தன. முதலாளி அதை விரலால் தொட்டு முகர்ந்தார்.

"புக்கு எங்கே? படிப்பா. எஞ்சினை எப்படி வெக்கணும்னு போட்டிருக்கு?"

பையரும் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியும். அதனால் அந்தப் பக்கத்தை முதல்முறையாக, உள்ளது உள்ளபடி, முதலில் இங்கிலீஷிலும் பிறகு தமிழிலும் படித்தேன். எஞ்சின் எண்ணெயைத் தவிர வேறெதையும் விடாதே என்ற வரி வந்தபோது காதர் பாய் நிமிர்ந்தார்.

"கேட்டியா காதர்? புக்குல இன்னா போட்டிருக்கு, நீ இன்னா பண்ணி வெச்சிருக்கே?"

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதே முதலாளி," என்றார்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எனக்காகவே திறந்துவைத்த வாசல் அது. நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான் பாக்கி. புத்தகத்தை மூடினேன். அட்டையில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தேன். நிதானமாக, ஓரங்களை எல்லாம் விடாமல் துடைத்தேன்.

அன்று சாயங்காலம் அவருடைய கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள்.

முதலாளியின் நியாயம்

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். நன்றாகத் தூங்கினேன். ஐந்தாறு நாள் கழித்து ஒரு டிரம் மோட்டார் நின்றுபோயிற்று. பழக்க தோஷத்தில் நான்கு பேர் சேர்ந்தாற்போல, காதர் பாய் என்று குரல் கொடுத்தார்கள். யாரும் வரவில்லை. எனக்கு அப்போதுதான் வெட்கம் வந்தது. வந்த வெட்கம் போகவில்லை.

முதலாளி அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்பா. அந்த எண்ணெயை மாஸ்டர் பூட்டி இல்ல வெச்சிருக்கான்? பிட்டர் கேட்டாக் குடுப்பானா? ஆபீஸ்ல இருந்து யாரோ சொல்லித்தான் குடுத்திருக்கான்."

"தெரிஞ்சுமா முதலாளி அவரை அனுப்பினீங்க?"

"பையர் எதிர்ல யாரையாவது அனுப்பியாகணும். உன்னை அனுப்பினா அந்தாளுக்கு யாரு லெட்டர் எழுதறது?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, வரச் சொல்லு. டெம்பரரியா வரட்டும். பெர்மனென்ட் பேச்சு வேணாம். எல்லார் எதிர்லயும் அனுப்பிட்டு இப்ப அதைக் குடுத்தா நான் இன்னா கேணையனா?" என்றார்.

இதையே பெரிய வெற்றியாக நினைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை தொழுகை முடிகிற நேரத்துக்கு வாலாஜாவில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். புத்தகத்தையும் ஏனோ எடுத்துக்கொண்டு போயிருந்தேன்.

காதர் பாய் ஒரு பாயை விரித்து உட்காரச் சொன்னார். முதலாளி சொன்னதை, டெம்பரரி என்ற வார்த்தையை முடிந்தவரை விழுங்கிச் சொன்னேன். அவர் என் கையிலிருந்த புத்தகத்தைக் காட்டினார்.

"அந்தப் பக்கத்தை இன்னொரு தபா படிங்க சார்," என்றார்.

படித்தேன். அவர் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். தானாக நிற்கும்வரை ஓடவிடு என்ற இடத்தில், ஆமாம் என்று சொல்லிக்கொண்டார். முடிந்ததும் உள்ளே திரும்பிக் கூப்பிட்டார்.

"ஜீனத், இங்க வா. சார் படிக்கிறதைக் கேளு."

அவர் மனைவி கதவோரம் வந்து நின்றார். நான் மூன்றாவது முறையாகப் படித்தேன்.

"அப்ப இவரு தெரியாத்தனமா கெடுக்கலையா?" என்று கேட்டார் அந்தம்மா. "எங்க வாப்பா தினம் சொல்லிட்டிருக்காரு, கை வேலைக்காரன் எஞ்சினையே கெடுத்துட்டு வந்து உக்காந்திருக்கான்னு."

"இல்லம்மா. பாய் வேணாம்னுதான் சொன்னாரு. புக்குல இருக்குன்னு நான்தான் பொய் சொன்னேன்."

அவர் என்னை நேராகப் பார்த்தார். பிறகு அவர் உள்ளே போய்த் தன் அப்பாவிடம் உருதுவில் ஏதோ உரக்கச் சொல்வது கேட்டது. நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன். காதர் பாய் வாசல்வரை வந்தார்.

"முதலாளிகிட்ட, காதர் வரலைன்னு சொல்லிடுங்க சார்," என்றார். "இதையாவது மாத்தாம சொல்லுங்க."